பாதாளம், நரகம், அக்கினிக்கடல்: மூன்றும் ஒன்றல்ல

கேள்வி காட்பாடியிலிருந்து வந்தது. பாட்டி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்து போன மாதம் காலமானார். பேரப்பிள்ளைகளின் குடும்பம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. துக்கம் விசாரிக்க வந்த ஊழியர் ஒருவர், "பாட்டி இப்போது அக்கினிக்கடலில் வெந்துகொண்டிருக்கிறார், மிச்சம் இருக்கிற நீங்களாவது தப்பிக்கொள்ளுங்கள்" என்று ஜெபத்துக்கு நடுவிலேயே சொல்லிவிட்டார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை, ஆத்துமாவுக்கு ஒரு பூசை கொடுக்கலாம் என்கிறார். வீடு வீடாகப் பத்திரிகையோடு வரும் யெகோவாவின் சாட்சிகள் நரகமே கிடையாது என்கிறார்கள். ஞாயிறு ஆராதனையிலோ இயேசுவே "பாதாளத்தில் இறங்கினார்" என்று எல்லாரும் அறிக்கையிடுகிறார்கள். இதில் எதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை என்பது கேள்வி.

அந்த ஊழியர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் ஆறாமல் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அது மனம் நோகச் சொன்ன வார்த்தை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர் நம்பும் வேதத்தின்படியே தவறு. வெளிப்படுத்தின விசேஷம் 19, 20 அதிகாரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அக்கினிக்கடலில் முதலில் தள்ளப்படுவது மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் (19:20). அடுத்தது பிசாசு (20:10). அதன் பிறகு பெரிய வெள்ளைச் சிங்காசனம், புஸ்தகங்கள் திறக்கப்படுவது, மரித்தோர் நியாயத்தீர்ப்புக்கு நிற்பது. அதற்கும் பிறகுதான் 20:14 வருகிறது: "அப்பொழுது மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன. இது இரண்டாம் மரணம்." நியாயத்தீர்ப்பு இன்னும் நடக்கவில்லை. ஆகவே இந்த வரிசைப்படி, இன்றைக்கு அக்கினிக்கடலில் இறந்துபோன மனிதர் ஒருவரும் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரியதான அசெம்பிளிஸ் ஆஃப் காட் இன்று வைத்திருக்கும் 16 அடிப்படைச் சத்தியங்களிலும் அக்கினிக்கடல் இறுதி நியாயத்தீர்ப்பு என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கிறது.

இறந்தவுடனேயே துன்மார்க்கரின் ஆத்துமா வேதனைக்குப் போகிறது என்று கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேயினரும் கால்வின் வழிவந்த பழைய சீர்திருத்த சபையாரும் போதிப்பது உண்மை. கத்தோலிக்கத் திருச்சபை இதை 1336-லேயே அதிகாரபூர்வமாக அறிவித்துவிட்டது. ஆனால் புராட்டஸ்டண்டு அறிக்கைகள் அந்த நிலையையும் தீர்ப்புக்குப் பிந்தைய நிலையையும் கவனமாகப் பிரித்தே பேசுகின்றன. ரிமாண்டில் இருப்பவரையும் தண்டனை பெற்றவரையும் நாம் ஒன்றாகச் சொல்வதில்லையே, அப்படித்தான் இதுவும். மேடையில் பேசும்போது அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. கேட்கிறவர் எல்லாவற்றையும் சேர்த்து "நரகம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்கிறார்.

அந்த மூட்டையை அவிழ்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் ஸ்ட்ராங் எண்களோடு வரும் வேதாகமச் செயலி ஒன்று கைப்பேசியில் இருந்தால் போதும். பார்க்க வேண்டிய எண்கள் ஐந்து. எபிரெயத்தில் 7585: ஷெயோல். கிரேக்கத்தில் 86: ஹாதேஸ். 1067: கெஹென்னா. 5020: தார்த்தருஸில், அதாவது கிரேக்கர் கதைகளில் வரும் அடிப்பாதாளத்தில், தள்ளுதல். 3041: கடல் அல்லது ஏரி, அக்கினிக்கடலில் வரும் சொல் இதுதான். ஒரு வசனத்தில் "நரகம்" என்று கண்டால் உடனே முடிவுக்கு வராமல், அடியில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஷெயோல் என்பது இறந்தவர்கள் போய்ச் சேரும் இடம், அவ்வளவுதான். எபிரெய வேதத்தில் 65 முறை வருகிறது. நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு பெரும்பாலும் அதில் கிடையாது. யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே மகனிடத்துக்குப் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறான்; அவன் நரகத்துக்குப் போக விரும்பினான் என்று யாரும் பொருள் சொல்வதில்லை. யோபு, "நீர் என்னைப் பாதாளத்தில் ஒளித்து" வைத்தால் நலமாயிருக்கும் என்று கேட்கிறான். பிரசங்கி 9:10, பாதாளத்திலே செய்கையும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லை என்கிறது. நெருப்பு, வாதை எதுவும் அங்கே இல்லை. சத்தமற்ற இருட்டுதான்.

பவர் ஐயர் தலைமையில் 1871-இல் வெளிவந்த தமிழ்த் திருப்புதலே இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்டு வீடுகளில் இருக்கிறது. அந்தக் குழுவினர் இந்த விஷயத்தில் நல்ல கவனத்தோடு வேலை செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் திருப்புதல் ஷெயோலை 31 இடங்களில் நரகம் என்றும், 31 இடங்களில் கல்லறை என்றும், 3 இடங்களில் குழி என்றும் பெயர்த்திருக்கிறது. தமிழிலோ பெரும்பாலும் "பாதாளம்" என்ற தனிச் சொல். ஹாதேஸுக்கும் அதே "பாதாளம்". கெஹென்னாவுக்கு "நரகம்". ஆனால் சில இடங்களில் வழுக்கல் உண்டு. மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படும் சங்கீதம் 9:17-ஐப் பாருங்கள்: "துன்மார்க்கரும், தேவனை மறக்கிற எல்லா ஜாதிகளும், நரகத்திலே தள்ளப்படுவார்கள்." இங்கே மூலத்தில் இருப்பது 7585, ஷெயோல். மற்ற சங்கீதங்களைப் போலப் "பாதாளம்" என்று பெயர்த்திருந்தால், இந்து முன்னோர்களுக்கு எதிராக இந்த வசனத்தை எடுத்து வீசுவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. 2 பேதுரு 2:4-லும் தமிழில் "நரகத்திலே தள்ளி" என்றிருக்கிறது. அங்கே மூலம் தார்த்தருஸ். தள்ளப்படுகிறவர்கள் பாவம் செய்த தூதர்கள், மனிதர் அல்ல. அவர்களும் நியாயத்தீர்ப்புக்காகக் காவலில் வைக்கப்பட்டவர்களே.

ஐசுவரியவான், லாசரு கதையை (லூக்கா 16) எல்லாரும் நரகத்துக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அங்கேயும் சொல் ஹாதேஸ்தான்: "பாதாளத்திலே அவன் வேதனைப்படுகிறபோது." அவனுடைய ஐந்து சகோதரர்கள் இன்னும் தகப்பன் வீட்டில் உயிரோடிருக்கிறார்கள். ஆகவே அதை நடந்த சம்பவம் என்று எடுத்தாலும் உவமை என்று எடுத்தாலும், அது நியாயத்தீர்ப்புக்கு முந்தைய காட்சி. இறுதி நரகத்தின் வர்ணனை அல்ல. அவன் என்ன மதம் என்றோ என்ன நம்பினான் என்றோ கதையில் பேச்சே இல்லை. வாசலில் கிடந்தவனைத் தாண்டித் தாண்டிப் போனான் என்பதே அவன்மேல் விழும் பழி.

இனி கெஹென்னா. இதுதான் உண்மையில் "நரகம்". எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. இன்றைக்கும் அங்கே போய் நின்று பார்க்கலாம். ஊர்ப்பெயர் எப்படி வேறு பொருளுக்கு மாறும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வருகிற குடும்பத்துக்கு "வேலூர்" என்றால் ஊர் அல்ல, சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இன்னொரு வீட்டில் "அவன் வேலூரில் இருக்கிறான்" என்றால் சிறையில் இருக்கிறான் என்று பொருள். கோட்டையும் பாலாறும் அவர்கள் மனதில் வருவதே இல்லை. அப்படித்தான் இயேசுவின் காலத்து யூதருக்குக் கெஹென்னா என்றதும் பள்ளத்தாக்கு நினைவுக்கு வராமல் தேவனுடைய தண்டனை நினைவுக்கு வந்தது.

ஏன் அந்தப் பள்ளத்தாக்கு? அங்கே தோப்பேத் என்ற இடத்தில் பெற்ற பிள்ளைகளை மோளேகு என்ற அந்நிய தெய்வத்துக்கு எரித்தார்கள். 2 இராஜாக்கள் 23:10-இல் தமிழ் வேதாகமம் "தீக்கடக்கப்பண்ணாதபடிக்கு" என்று சொல்வதால் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் வருகிறது. திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்தத்தில் தீமிதி பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர், இதுவும் ஒரு வகைத் தீமிதி என்று படித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டும் வேறு. தீமிதியில் நேர்ந்துகொண்டவர் தானாக நடந்து வெளியே வருகிறார். தோப்பேத்தில் பிள்ளைகளைத் தகனித்தார்கள் என்று எரேமியா 7:31 வெளிப்படையாகச் சொல்கிறது. அதே வசனத்தில் கர்த்தர் சொல்வதைக் கவனியுங்கள்: "அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை." நரகம் என்ற சொல்லின் வேரிலேயே, பிள்ளைகளை நெருப்பிலிடுவது என் மனதில்கூடத் தோன்றவில்லை என்று கடவுள் சொன்ன வார்த்தை இருக்கிறது. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு திருத்தம். கெஹென்னா எருசலேமின் குப்பை மேடு, அங்கே எப்போதும் நெருப்பு புகைந்துகொண்டிருந்தது என்று பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். முதல் நூற்றாண்டு எழுத்து எதிலும் அதற்கு ஆதாரம் இல்லை. கி.பி. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியரின் சங்கீத உரையில்தான் அது தலைகாட்டுகிறது. தோண்டிப் பார்த்தவர்களுக்கும் அப்படி எரிந்த குப்பை மேடு கிடைக்கவில்லை. நரகத்தை மென்மையாக்க நினைப்பவர்களும் கடுமையாக்க நினைப்பவர்களும் இந்தக் கதையைச் சமமாகப் பயன்படுத்துகிறார்கள். இரு பக்கமும் விட்டுவிடுவது நல்லது.

கெஹென்னா புதிய ஏற்பாட்டில் மொத்தம் 12 முறை வருகிறது. மத்தேயுவில் 7, மாற்குவில் 3, லூக்காவில் 1, யாக்கோபு நிருபத்தில் 1. பவுல் ஒரு முறைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் யூதருக்கும் புறஜாதியாருக்கும் அத்தனை பிரசங்கங்கள் நடக்கின்றன. ஒன்றிலும் கெஹென்னா இல்லை. இயேசு அதைச் சொன்னதெல்லாம் சீஷர்களிடமும் பரிசேயரிடமும், அதாவது உள்ளே இருந்தவர்களிடம். சகோதரனை மூடனே என்கிறவன், தன் கண்ணால் இடறுகிறவன், பக்தி வேஷக்காரன் ஆகியோருக்குத்தான் அந்த எச்சரிக்கை. வேற்று மதத்துப் பாட்டியின் சாவு வீட்டில் அதை எடுத்து நீட்டுவது, இயேசு நீட்டிய திசைக்கு நேர் எதிர்.

"நரகம்" என்ற தமிழ்ச் சொல்லோடு வேறு சரக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கருட புராணம் சொல்லும் எண்ணெய்க் கொப்பரை, எமகிங்கரர், கணக்கு வாசிக்கும் சித்திரகுப்தர் எல்லாம் நம் காதில் பால்யத்திலேயே ஏறியவை. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குக் கோயிலே உண்டு. அந்த நரகம் முடிவுள்ளது. வினை தீர்ந்ததும் உயிர் மறுபிறவிக்குத் திரும்பும். கிறிஸ்தவ நரகத்துக்கு மறுபிறவி என்ற வாசலே கிடையாது. ஆகவே ஒரே சொல்லைக் கேட்டு இரு வீட்டாரும் இரண்டு வெவ்வேறு காரியங்களை நினைக்கிறார்கள். இன்னொரு கலப்படம், எமனின் இடத்தில் சாத்தானை உட்காரவைத்தது. நரகத்துக்கு ராஜா சாத்தான், அவன் அங்கே மனிதரை வதைக்கிறான் என்று பல விசுவாசிகளே நம்புகிறார்கள். மத்தேயு 25:41 சொல்வது வேறு: அது பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும் ஆயத்தம்பண்ணப்பட்ட அக்கினி. அவன் அங்கே கைதி, ஜெயிலர் அல்ல.

இப்போது சபைகள் உண்மையாகவே பிரிகிற இடத்துக்கு வருவோம். இறுதித் தீர்ப்பு உண்டு என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை. தண்டனைக்கு முடிவு உண்டா, உண்டென்றால் அந்த முடிவு என்ன என்பதில்தான் மூன்று பதில்கள்.

பெரும்பான்மையின் பதில்: முடிவு இல்லை, உணர்வோடு அனுபவிக்கும் நித்திய தண்டனை. ரோமன் கத்தோலிக்கர், லுத்தரன், சீர்திருத்த சபைகள், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே எல்லாருடைய அதிகாரபூர்வ நிலையும் இதுவே. ஆம்பூர்ப் பக்கத்து இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையும், திருவண்ணாமலைப் பக்கத்து ஆற்காடு லுத்தரன் சபையும் ஏற்றிருக்கும் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17-ஆம் பிரிவு, தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு என்பவர்களைப் பெயர் சொல்லியே மறுக்கிறது. ஆதாரத் தூண் மத்தேயு 25:46: இவர்கள் நித்திய ஆக்கினைக்கும், நீதிமான்கள் நித்திய ஜீவனுக்கும் போவார்கள். ஒரே வாக்கியத்தில் ஒரே கிரேக்கச் சொல் இரண்டு முறை. ஜீவன் முடிவில்லாதது என்றால் ஆக்கினையும் அப்படித்தானே என்று அகஸ்டின் கேட்டார். 1500 ஆண்டுகளுக்கு மேலாக மேற்கத்திய சபையை நிறுத்தி வைத்திருக்கும் வாதம் அது. வெளிப்படுத்தல் 14:11, 20:10 இரண்டும் அதற்குத் துணை.

இந்தப் பக்கத்தாரிடமும் நெருப்பு நிஜ நெருப்பா என்பதில் ஒருமை இல்லை. இயேசு ஒரு இடத்தில் அணையாத அக்கினி என்கிறார், இன்னொரு இடத்தில் புறம்பான இருள் என்கிறார். நெருப்பு எரிகிற இடத்தில் இருள் எப்படி? இவை சொல்லமுடியாத ஒன்றைக் காட்டும் உருவகங்கள் என்று கால்வினே எழுதினார். போப் இரண்டாம் ஜான் பால் 1999 ஜூலை 28 அன்று ஆற்றிய உரையில், நரகம் ஓர் இடம் என்பதைவிட, கடவுளிடமிருந்து தானாகவே முற்றிலும் பிரிந்துகொண்டவரின் நிலை என்றார். அந்தச் செய்தியைச் சிலர் "போப்பாண்டவர் நரகம் இல்லை என்று சொல்லிவிட்டார்" என்று பரப்பினார்கள். அவர் சொன்னது அதுவல்ல. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1035-ஆம் பத்தி நரகம் உண்டு, அது நித்தியமானது என்று அப்படியே சொல்கிறது. முதன்மைத் தண்டனை கடவுளை என்றென்றும் பிரிந்திருப்பது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இரண்டாம் பதில்: துன்மார்க்கர் கடைசியில் அழிந்துபோவார்கள். என்றென்றும் வதைபடமாட்டார்கள், இல்லாமல் போவார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இதைப் போதிக்கிறார்கள். இறந்தவர் உயிர்த்தெழுதல் வரை உணர்வற்ற நித்திரையில் இருக்கிறார் என்பதும் அவர்கள் போதனை. யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை ஏற்காததால் மற்றச் சபைகள் அவர்களைத் தங்களோடு சேர்ப்பதில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதும் இதற்கு அருகில்தான். அவர்கள் உங்கள் வீட்டில் "நரகம் இல்லை" என்று சொன்னதன் முழுப் பொருள்: வதைபடும் நரகம் இல்லை, ஷெயோல் பொதுவான கல்லறை, கெஹென்னா நிரந்தர அழிவு.

இதை வெளியாட்கள் கொள்கை என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலிக்கன் சுவிசேஷகர்களில் பெருமதிப்புப் பெற்ற ஜான் ஸ்டாட் 1988-இல் இந்தக் கருத்தின் பக்கம் தன் சாய்வைத் தயக்கத்தோடு வெளியிட்டார். இவர்கள் காட்டும் வசனங்கள் பலமானவை. மத்தேயு 10:28: "ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்." ரோமர் 6:23: பாவத்தின் சம்பளம் மரணம். "நித்திய" என்பதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். எபிரெயர் 9:12 நித்திய மீட்பு என்கிறது. மீட்கும் வேலை நித்தியமாக நடந்துகொண்டிருக்கவில்லை, அதன் பலன் நித்தியம். யூதா 7-ஆம் வசனப்படி சோதோம் நித்திய அக்கினியின் ஆக்கினையை அடைந்தது. சோதோம் இன்றைக்கு எரியவில்லை. இவர்களுக்குக் கடினமான வசனம் வெளிப்படுத்தல் 20:10, "இரவும் பகலும் சதாகாலங்களிலும்" என்பது. அது பிசாசைப் பற்றியது, மனிதரைப் பற்றியதல்ல என்று பதில் சொல்கிறார்கள். 14:11-க்கு அந்தப் பதில் பொருந்தாது. அங்கே பேசப்படுவது மனிதர்.

மூன்றாம் பதில்: கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள், நரகம் உண்டு, ஆனால் அது சுத்திகரிக்கும் நெருப்பு. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர் இப்படிப் போதித்தார். 553-ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் பேராயர்கள் கூடிய பொதுச் சங்கத்தை ஒட்டி அவர் பெயரில் வழங்கிய போதனைகள் கண்டிக்கப்பட்டன. ஆனால் ஏறக்குறைய இதையே சொன்ன நிசாவின் கிரகோரி இன்றும் கிழக்கிலும் மேற்கிலும் புனிதர். இந்தப் பக்கத்தார் நிற்பது 1 கொரிந்தியர் 15:22-இல்: ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள். அவர்களை நிறுத்தும் வசனம் யூதாஸைக் குறித்தது: "அந்த மனுஷன் பிறவாதிருந்தானானால் அவனுக்கு நலமாயிருக்கும்." கடைசியில் எப்படியும் மீட்பு என்றால் இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்? இதற்குத் திருப்தியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு சரித்திரச் செய்தி: 1553-இல் இங்கிலாந்து சபை வெளியிட்ட 42 பிரமாணங்களில் கடைசிப் பிரமாணம் இந்த மூன்றாம் கருத்தைக் கண்டித்தது. 1563-இல் திருத்தியபோது அந்தப் பிரமாணத்தை எடுத்துவிட்டார்கள். இன்றுள்ள 39-இல் அது இல்லை.

சரி, உங்கள் சி.எஸ்.ஐ. சபை எதை நம்புகிறது? 1947 செப்டம்பர் 27 அன்று சபைகள் ஒன்றானபோது அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் ஏற்றார்கள். அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே விளக்கத்தை ஒவ்வொருவர் மீதும் சுமத்துவது நோக்கமல்ல, நியாயமான விளக்கச் சுதந்திரம் உண்டு என்றும் எழுதி வைத்தார்கள். உயிர்த்தெழுதலும் தீர்ப்பும் பிரமாணத்தில் உண்டு. நரகம் எவ்வளவு காலம் என்பது அதில் இல்லை. ஆகவே ஒரே பேராயத்தில் இரண்டு ஆயர்கள் இரண்டு விதமாகப் பேசினால் அவர்களில் ஒருவர் சபைக்குத் துரோகம் செய்கிறார் என்று பொருளல்ல.

அப்போஸ்தலர் பிரமாணத்தின் "பாதாளத்தில் இறங்கினார்" என்ற வரியில் வட ஆற்காட்டின் மிஷன் சரித்திரமே அடங்கியிருக்கிறது. லத்தீன் மூலத்தில் அது கீழுலகம், இறந்தோர் உலகம். தமிழில் "நரகத்தில் இறங்கினார்" என்று வைக்காமல் பாதாளம் என்று வைத்தது மிகச் சரி. இதற்குக் கத்தோலிக்க விளக்கம்: மரித்த கிறிஸ்து, தமக்கு முன் இறந்து காத்திருந்த நீதிமான்களிடம் போய் அவர்களை விடுவித்தார். "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்" என்ற 1 பேதுரு 3:19 இங்கே வரும். ஆம்பூர் லுத்தரன் விளக்கம் லுத்தரன் சபைகளின் 1577-ஆம் ஆண்டு இசைவு அறிக்கையின் 9-ஆம் பிரிவிலிருந்து: அவர் வெற்றி வீரராக இறங்கிப் பிசாசின் கோட்டையை உடைத்தார், எப்படி என்று துருவ வேண்டாம். வேலூரில் 1853-லிருந்து வேலை செய்த ஆற்காடு மிஷன், ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கியது, அமெரிக்கச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. அவர்களுடைய ஹைடல்பர்க் வினாவிடை 1563-இல் எழுதப்பட்டது. அதன் 44-ஆம் கேள்வி வேறு வழி காட்டுகிறது: கிறிஸ்து சிலுவையில் பட்ட சொல்லமுடியாத வேதனைதான் அந்த இறக்கம், நரக வேதனையை அவர் எனக்காக அங்கேயே அனுபவித்து முடித்தார். மூன்று விளக்கம், ஒரே வரி. ஆனால் மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. மனிதர் போகக்கூடிய மிக ஆழமான இடம் எதுவோ, அங்கேயும் கிறிஸ்து போயிருக்கிறார்.

அத்தை சொல்லும் பூசை உத்தரிக்கிற ஸ்தலம் பற்றியது. இதை நரகத்தின் சின்ன கிளை என்று நினைப்பது தவறு. கத்தோலிக்கப் போதனைப்படி அங்கே போகிற ஒவ்வொருவரும் மோட்சம் போவது உறுதி. சுத்திகரிப்பு மட்டும் பாக்கி. லியோன் 1274, புளோரன்ஸ் 1439, திரெந்து 1563 ஆகிய சங்கங்கள் இதை வரையறுத்தன. புராட்டஸ்டண்டுகள் இதை மறுத்தார்கள். 39 பிரமாணங்களில் 22-ஆவது அதற்கென்றே எழுதப்பட்டது. ஆனாலும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் வேலூர்க் கல்லறைகளுக்குப் போனால், மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்கிற கூட்டத்தில் இரு சபையாரும் இருப்பார்கள்.

கடைசியாக, பாட்டி. கிறிஸ்துவைப் பற்றிச் சரியாகக் கேட்காமலோ ஏற்காமலோ இறந்தவர்களின் கதி என்ன? நம்பிக்கையை வாயால் அறிக்கை செய்யாதவருக்கு வழியில்லை என்பது கடுமையான சுவிசேஷ சபைகளின் போதனை. தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான இருதயத்தோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி நடந்தவர்கள் மீட்படைய முடியும் என்பது 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. ரோமர் 2:14-16-ஐ வைத்து அதே பக்கம் சாயும் புராட்டஸ்டண்டுகளும் உண்டு. இந்த வேதனை இன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. ஜப்பானில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், எங்கள் முன்னோருக்கு மீட்பே இல்லையா என்று கேட்டு அழுததைப் புனித சவேரியார் 1552-இல் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கடுமையான பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு எல்லை இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. ஒருவரையும் பெயர் சொல்லி நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்ததில்லை. புராட்டஸ்டண்டு அறிக்கைகளிலும் அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் கிடையாது. சாவு வீட்டில் ஒருவர் இறந்தவரின் பெயரைச் சொல்லித் தீர்ப்பு சொன்னால், எந்தச் சபையும் எடுத்துக்கொள்ளாத அதிகாரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். இனி அப்படி யாராவது பேசினால் சண்டை வேண்டாம். எந்த வசனம், அதில் எந்தச் சொல், அது தீர்ப்புக்கு முன்னா பின்னா என்ற மூன்று கேள்வியை அமைதியாகக் கேளுங்கள். "நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்னும் வீடியோவைக் காட்டினால், பரதீசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மனிதன் அங்கே கேட்டவை மனுஷர் பேசப்படாத வார்த்தைகள் என்று 2 கொரிந்தியர் 12:4 சொல்வதைக் காட்டுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாட்டியையும் நெருப்பையும் சேர்த்துப் பேச யாரையும் அனுமதிக்காதீர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் நரகப் படம் காட்டினாலும் ஆசிரியரிடம் போய்ப் பேசலாம், பேச வேண்டும்.

அத்தையின் யோசனையில் ஒரு சந்தேகம் உங்களுக்கு இருக்கும்: பாட்டி ஞானஸ்நானம் பெறாதவராயிற்றே, அவருக்குப் பூசை கொடுக்க முடியுமா? முடியும். 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தின் 901-ஆம் விதி, உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. பங்கு அலுவலகத்தில் பாட்டியின் பெயரையும் வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுத்தால் போதும். ஞானஸ்நானப் பெயர் என்ன என்று கேட்டால், அவர் இந்து, பெயர் இதுதான் என்று சொல்லிவிடுங்கள்.